பொதிக்குதிரைப் பாலம்

இங்கிலாந்தில் டெர்பிஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் என்னும் இரு ஜில்லாக்களுக்கு எல்லையாக ஓடுகிற டவ் நதியின்மீது, மில்டேல் என்ற சிற்றூரில், இரண்டே வளைவுகளுள்ள கற்பாலம் ஒன்று உண்டு. ஐசக் வால்ட்டனின் தூண்டில் சாஸ்திர நூலுக்கு அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் 1676-இல் இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தபோது, அதில் வரும் வையேட்டர் என்னும் வழிப்போக்கன் இப்பாலத்தின் குறுகலைக் கண்டு திகைத்து, இவ்வூரார் ஒற்றைச் சக்கரக் கைவண்டியில்தான் பிரயாணம் செய்வார்களோ என்று பரிகாசம் செய்கிறான். பாலத்துக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

பரிகாசம் ரசிக்கத்தக்கதே, ஆனால் பாலத்தின் சூட்சுமம் அவனுக்குப் புலப்படவில்லை. சக்கரம் உருளத்தக்க சாலைகள் மலைநாட்டில் அரிதாயிருந்த அக்காலத்தில், கம்பளியும் உப்பும் சுண்ணாம்பும் ஈயமும் குதிரை முதுகிலேயே ஊர்விட்டு ஊர் சென்றன. இருபது முப்பது குதிரைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிலோ பொதியுடன், முன்செல்லும் குதிரையின் மணியோசையைத் தொடர்ந்து ஒற்றை வரிசையில் நடக்கும். ஓட்டுகிறவனை வடபகுதியில் 'ஜாகர்' என்பார்கள். தொழில் மறைந்தும், அது குடும்பப் பெயராக இன்றும் வழங்குகிறது. குளம்பு வைக்க இடமிருந்தால் போதுமாகையால், இத்தகைய பாலங்கள் பெரும்பாலும் 6 அடி அகலத்தைத் தாண்டுவதில்லை. பொதியோ இருபுறமும் புடைத்துத் தொங்கும். அது உரசாதிருக்கும்பொருட்டுப் பக்கச்சுவரைப் பொதிக்குக் கீழே நிறுத்தினார்கள், அல்லது அடியோடு விட்டுவிட்டார்கள். மில்டேலில் இன்று காணும் சுவர்கூடப் பிற்காலத்ததே.

இத்தகைய பாலங்கள் நடுவில் முதுகுபோல் உயர்ந்திருப்பதற்கும் காரணமுண்டு. கல் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும், இழுப்பை அவ்வாறு தாங்காது. நீண்ட பலகைக்கல்லைப் படுக்கவைத்துப் பாரமேற்றினால், அதன் அடிப்புறம் இழுபட்டு விரிசல் காணும். ஆகவே கொற்றர்கள் மரச்சாரம் ஒன்றை வில்போல் நிறுத்தி, ஆப்பு வடிவக் கற்களை இரு கரைகளிலிருந்தும் அதன்மேல் அடுக்கிவந்து, உச்சிக்கல்லை இறுதியில் இறக்கிச் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு கல்லும் விழ முயன்று, விழ வழியின்றித் தன் அண்டைக்கல்லை நெருக்க, அந்நெருக்கம் வளைவின் வழியே இறங்கிக் கரையில் சென்று அடங்குகிறது. கரை இளகினால் வளைவும் போயிற்று. எனவே பாறைக்கால் கிடைத்த இடமே உத்தமமான இடம். வளைவு உயர்ந்திருப்பதால், மலைமழையில் திடீரென்று பெருகும் வெள்ளமும் தடையின்றிக் கீழே செல்லும்.

18-ஆம் நூற்றாண்டில் சுங்கச்சாலைகளும் கால்வாய்களும் வந்து சரக்கையெல்லாம் வண்டிக்கும் படகுக்கும் மாற்றிவிட்டன. குதிரைமேல் கடக்கமாட்டேன், நடந்துவேண்டுமானால் வருகிறேன் என்றான் வையேட்டர். இன்று டவ் நதியின் டவ்டேல் பள்ளத்தாக்கில் உலாவ வருகிறவர்களும் அப்பாலத்தை நடந்தே கடக்கிறார்கள்.