இடுப்பறைச் சிரைத் தேக்கம்

இடுப்பறைச் சிரைத் தேக்கம் என்பது, பெண்களின் சூலகச் சிரைகளும் கருப்பையைச் சூழ்ந்துள்ள சிரைகளும் விரிவடைந்து அவற்றில் குருதி தேங்குவதால் உண்டாகும் நோய்நிலை ஆகும். ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று வலிக்கு இதுவும் ஒரு காரணம் எனினும், பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பேச்சு வழக்கில் நரம்பு சுருட்டல் எனப்படும் கால் சுருள்சிரை நோய் (வெரிகோஸ்) கண்ணுக்குத் தெரியும். அதே கோளாறு இடுப்பினுள் ஏற்பட்டால் தெரிவதில்லை.

உண்டாகும் விதம்

சிரைகளிலுள்ள ஒருவழி வால்வுகள் குருதி கீழ்நோக்கித் திரும்பாமல் தடுக்கின்றன. கருவுற்ற காலத்தில் குருதியோட்டம் மிகுந்து சிரைகள் விரிவதால் இவ்வால்வுகள் சரியாக மூடாமற் போகலாம். ஈஸ்ட்ரோசன் இயக்குநீரும் சிரைகளை விரியச் செய்கிறது. எனவே ஒன்றுக்கு மேற்பட்ட மகப்பேறு கண்ட, மாதவிடாய் நிற்காத பெண்களிடையே இது மிகுதி. வலது சூலகச் சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் நேரே சேர, இடது சிரையோ ஏறத்தாழச் செங்கோணமாக இடது சிறுநீரகச் சிரையில் சேர்கிறது. ஆதலால் இடப்பக்கமே அதிகம் பாதிக்கப்படுகிறது. ஆண்களின் வேரிகோசிலும் இதே காரணத்தால் பெரும்பாலும் இடப்பக்கமே தோன்றுகிறது.

அறிகுறிகள்

நெடுநேரம் நின்றால் கூடும், மாலையில் மிகும், படுத்தால் தணியும் மந்தமான வலி அல்லது கனத்த உணர்வு இதன் அடையாளம். உடலுறவுக்குப் பின் மணிக்கணக்கில் வலி நீடிக்கலாம். தொடையின் பின்புறத்திலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ புடைத்த சிரைகள் காணப்படலாம்.

கண்டறிதலில் உள்ள சிக்கல்

நோயாளியைப் படுக்கவைத்தே பெரும்பாலான சோதனைகள் நடக்கின்றன. அந்நிலையில் சிரைகள் சுருங்கிவிடும். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றினுள் செலுத்தப்படும் வளிமத்தின் அழுத்தமும் அவற்றை அமுக்கிவிடும். கோளாறு வெளிப்படாத நிலையில் சோதித்துவிட்டுக் கோளாறே இல்லை என்பதற்கு இது ஒப்பாகும். டாப்ளர் மீயொலி, காந்த அதிர்வுப் படிமம், சிரையினுள் நிறமி செலுத்தி எடுக்கும் எக்சு-கதிர்ப் படம் ஆகியவை உதவுகின்றன.

வரலாறு

பிரெஞ்சு மருத்துவர் ரிஷே 1857-இல் இடுப்பறைச் சிரைப் புடைப்பை விவரித்தார். 1949-இல் அமெரிக்க மருத்துவர் ஓவர்டு டெய்லர் அதனை நாட்பட்ட வலியுடன் தொடர்புபடுத்தினார். ஆனால் மன உளைச்சலையும் காரணமாகக் கூறினார். "எல்லாம் மனப்பிரமை" என்று நோயாளிகளை அனுப்பிவிடும் வழக்கத்திற்கு இத்தகைய கருத்துகளும் துணைபோயின எனலாம்.

சிகிச்சை

மெட்ராக்சிபுரோசெசுட்டிரோன் போன்ற இயக்குநீர் மருந்துகள் சிலருக்குத் தற்காலிகமாகப் பயன் தருகின்றன. கழுத்து அல்லது தொடைச் சிரை வழியே நுண்குழாய் செலுத்தி, பழுதடைந்த சிரையை உலோகச் சுருள்களால் அடைக்கும் முறை 1993-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் இதற்கு முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. விரிந்த சிரைகள் இருந்தும் வலியே இல்லாத பெண்களும் உளர். ஆகையால் படத்தை மட்டும் கொண்டு சிகிச்சை முடிவு செய்யப்படுவதில்லை.