வெல்டிங் டார்ச்சில் வயர் சிக்குகிறதா? போர்டைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் வெல்டிங் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கையில் தூக்கிச் செல்லும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினுக்கும், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் அடிப்படை ஒன்றுதான். இரண்டும் வீட்டு மின்சாரத்தை முதலில் டி.சி.யாக மாற்றி, அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆன்-ஆஃப் செய்து, சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாக வோல்டேஜைக் குறைத்துத் தருகின்றன. அதனால்தான் வேடந்தாங்கல், மதுராந்தகம் பக்கம் கேட், கிரில் செய்யும் பட்டறைக்காரர்கள், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் என்னிடம் மெஷினைக் கொண்டு வருகிறார்கள். "போர்டு போயிடுச்சு சார்" என்பார்கள். பல தடவை போர்டு நன்றாகவே இருக்கும். கோளாறு டார்ச்சில் இருக்கும். போர்டு என்றால் ஆயிரக்கணக்கில் செலவு, சில நாள் வேலையும் போகும். டார்ச்சில் உள்ள டிப்பின் விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது.

வயர் போகும் பாதை

சி.ஓ.டூ வெல்டிங் என்று பட்டறையில் சொல்லப்படும் மிக் வெல்டிங்கில், ராடுக்குப் பதிலாக மெல்லிய வயர் தானாக வந்துகொண்டே இருக்கும். ஸ்பூலில் இருந்து புறப்படும் வயரை ரோலர் தள்ளுகிறது. கேபிளுக்குள் இருக்கும் லைனர் என்ற குழாய் வழியாக அது டார்ச்சுக்கு வந்து, செம்பு டிப்பின் துளை வழியே வெளியே வருகிறது. டிப்பில்தான் வயருக்குக் கரன்ட் கிடைக்கிறது. அதைச் சுற்றியுள்ள நாசில் வழியாக கேஸ் வருகிறது.

முன்னால் வழி அடைத்திருக்கும்போது ரோலர் தள்ளிக்கொண்டே இருந்தால், வயர் ரோலர் பக்கத்திலேயே சுருண்டு பந்தாகிவிடும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'பேர்ட் நெஸ்ட்', அதாவது பறவைக்கூடு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை!

வரிசையாகச் சோதியுங்கள்

முதலில் மெஷினை ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றுங்கள். டார்ச் ஆறும் வரை காத்திருங்கள்.

1. டிப்: நாசிலையும் டிப்பையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை எடுத்துவிட்டு, டார்ச்சை முகத்துக்கும் உள்ளங்கைக்கும் நேரே காட்டாமல், வயரை ஓட்டிப் பாருங்கள். இப்போது வயர் சீராக வந்தால் குற்றவாளி டிப்தான். 0.8 மி.மீ. வயருக்கு 0.8 என்று எழுதிய டிப்பையே போடுங்கள். துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

2. நாசில்: உள்ளே ஒட்டிய தீப்பொறித் துணுக்குகளைச் சுரண்டி எடுங்கள். அவை கேஸை மறித்தால் வெல்டிங்கில் பொத்தல் விழும்.

3. லைனர்: கேபிளை நேராக விரித்து, ரோலரைத் தளர்த்தி, வயரைக் கையால் இழுங்கள். கனமாக வந்தால் லைனரில் தூசி அடைத்திருக்கிறது. வயரை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு கம்ப்ரஸர் காற்று அடியுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி மேலும் ஒட்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் புது லைனர் போடுங்கள்.

4. ரோலர்: இரும்பு வயருக்கு 'வி' வடிவப் பள்ளம், அலுமினிய வயருக்கு 'யு' வடிவப் பள்ளம். பள்ளத்தின் அளவும் வயரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து, வயர் வழுக்காத வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதிகமாக இறுக்கினால் வயரின் மேல் உள்ள செம்புப் பூச்சு உதிர்ந்து லைனரை அடைக்கும்.

5. டிரிகர்: பட்டனை அழுத்தியும் எதுவுமே நடக்கவில்லையா? மவுஸ் பட்டன் போல இதுவும் ஒரு சின்ன ஸ்விட்ச்தான். பிளக்கைக் கழற்றிய நிலையில் மல்ட்டி மீட்டரை வைத்து, அழுத்தும்போது இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் கவனம்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம். மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். மெஷினிலேயே விட்ட வயர் துருப்பிடித்து, அந்தத் தூள் லைனருக்குள் போகும். வேலை இல்லாத நாட்களில் ஸ்பூலைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி வையுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து மெஷின் ஓடவில்லை என்றால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்களும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். பேப்பர் சிக்கினால் டிரைவரை அழித்து மறுபடி போடும் முன், பேப்பர் போகும் பாதையையும், அதை இழுக்கும் ரப்பர் ரோலரையும் ஒருமுறை பாருங்கள்.