பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்த ஆளில்லை

சென்ற மாதம் ஒரு ரப்பர் தோட்டத்திற்குக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். இரவு எட்டு மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். எட்டேகால் ஆயிற்று, மண்டபத்தில் நாமும் காவல்காரரும் மட்டுமே. லயத்துப் பக்கம் நடந்து போனால் வீட்டுக்கு வீடு ஒரே வசனம், ஒரே அழுகை. ஒரு வாசலில் நின்று கூப்பிட்டோம். "இருங்கண்ணே, இன்னும் பத்து நிமிஷம். இன்னைக்கு மருமவள வீட்ட விட்டுத் தொரத்துறாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மருமகளைத் துரத்திய பிறகுதான் நம் சம்பளப் பேச்சு தொடங்கியது.

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நாமும் டிவிக்கு முன்னால் வளர்ந்தவர்களே.

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28ஆம் நாள். லயத்துக்குள் அது வந்துசேர நெடுநாள் ஆயிற்று. 1980களில், நம் சிறு வயதில், நம் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் படமும் சுருங்கிக்கொண்டே வரும். தமிழ்ப் படம் போடும் நாளில் வாசலிலும் சன்னலிலும் தலைகள்தான்.

பிறகு தோட்டத்து இஞ்சின் கரண்டு வந்தது. மாலை ஆறுக்கு ஓடத் தொடங்கும். இரவு பத்துக்கு நின்றுவிடும். கடைசிச் சண்டைக்கு முன்னால் 'டப்'பென்று இருட்டாகி, முடிவு தெரியாமல் படுத்த இரவுகள் எத்தனையோ! இஞ்சின்காரரைத் திட்டாத வாய் அந்தத் தோட்டத்தில் இல்லை. பாவம் அந்த மனிதர். ஆனால் பத்து மணிக்குத் தோட்டமே தூங்கியது.

இருபத்து நான்கு மணி நேரமும் கரண்டு வேண்டும் என்று தொழிற்சங்கம் கேட்டது சும்மா அல்ல. தொழிலாளர் வீட்டுக்கு முதலாளி மின்சாரம் தர வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. தமிழுக்கென்றே அலைவரிசையும் வந்தது. எல்லாம் நல்லதுதான். இஞ்சின்காரர் மட்டும் போய்விட்டார். இப்போது பத்து மணிக்கு அணைப்பது யார்?

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது வெறும் தூக்கப் பிரச்சினை அல்ல. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், மங்கில் விழும் பாலும் குறையும். அரை மணி பிந்திப் போனால் பால் ஸ்டோர் தராசில் தெரிந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். அந்த இடம் முண்டு முண்டாக வீங்கி, மறுபட்டை சரியாக வளராது. 2022 உலகக் கிண்ணத்தின் போது விடியற்காலை மூன்று மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பெரட்டுக்குப் போனவர்களை நாம் அறிவோம். அந்த வாரம் மண்டோரிடம் வாங்கிய ஏச்சையும் அறிவோம்.

கூட்டத்தில் இதைச் சொன்னோம். பின்வரிசையில் இருந்த ஓர் அக்காள் எழுந்து நின்றார். "அண்ணே, டிவி வந்ததுக்கப்புறம்தான் எங்க வீட்டுக்காரரு கள்ளுக்கடைக்குப் போறத கொறச்சாரு. தூக்கம் கெட்டாலும் பரவால்ல, மனுஷன் வீட்டுல இருக்காரு. அத நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார். தாய்மார்கள் கை தட்டினார்கள். நம்மால் மறுக்க முடியவில்லை.

செய்தியும் அப்படித்தான். 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று வந்தபோதும், 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனபோதும், நாம் துண்டறிக்கை கொண்டுபோவதற்கு முன்பே டிவியில் கேட்டுத் தெரிந்துகொண்டு கிராணியாரிடம் கேள்வி கேட்ட தோழர்கள் உண்டு. சீரியலுக்கு நடுவில் செய்தியையும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

நமக்கு உறுத்துவது வேறொன்று. கூட்டம் முடிந்து ஒரு தோழர் வீட்டில் தேத்தண்ணி குடித்தோம். முன்கூடத்தில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதே கூடத்தின் மூலையில், எஸ்.பி.எம். எழுதப்போகும் மகள் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். லயத்து வீட்டில் படிக்கத் தனி அறைக்கு எங்கே போவது? அப்பா, அம்மா, பாட்டி மூவரும் திரையைப் பார்த்திருந்தார்கள். பஞ்சு யார் கண்ணிலும் படவில்லை. நாம் சொன்ன பிறகுதான் தகப்பனார் சத்தத்தைக் குறைத்தார். "ஏம்மா, சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். "நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்கப்பா, அதான்" என்றாள் அந்தப் பெண்.

பெட்டியை விற்றுவிடச் சொல்ல நாம் வரவில்லை. தவணை கட்டி வாங்கியது எவ்வளவு பாடு என்று தெரியும். பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டில் ஏழிலிருந்து ஒன்பது வரை அணைத்து வையுங்கள். அதன்பிறகு ஒரு தொடர் பாருங்கள். பத்து மணிக்கு நீங்களே இஞ்சின்காரர் ஆகுங்கள். கைப்பேசியையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அந்தத் தோட்டத்தில் அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் தொடர் எதுவும் இல்லை என்று அக்காளிடமே கேட்டு உறுதி செய்துகொண்டோம்.