மண்ணணையின் உயிர் மறுகாலில்

நெய்யாற்றின் மொத்த நீளமே 56 கிலோமீட்டர்தான். அகத்தியமலையில் பிறந்து, பெருங்கடவிளைப் பக்கத்து அருவிப்புறத்தைத் தாண்டி, பூவாறில் கடலில் கலந்துவிடுகிறது. ஓட்டம் இவ்வளவு குறுகியதென்பதால், மலையில் கொட்டும் மழை சில மணி நேரத்திலேயே வயலுக்கு வந்துவிடும். 2021 நவம்பர் மழையில் இந்தக் கேரள–தமிழக எல்லைப்புறம் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். தண்டவாளத்தில் மண் சரிந்து நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில்களே நின்றுபோயின.

இப்படிப் பாய்ந்துவரும் நீரைத் தடுத்து நிறுத்த அணை வேண்டும். 1958இல் எழுந்த நெய்யாறு அணை கல்கட்டு. ஒவ்வொரு ஓடைக்கும் அப்படியொன்று கட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்கே கைகொடுப்பது மண்ணணை. குமரி மாவட்டத்துக் குளத்துக்கரைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கிடைத்த மண்ணைக் குவித்தால் அணையாகிவிடாது. நடுவில் களிமண் உட்கரு. அது தரைக்குக் கீழும் பள்ளம் தோண்டி இறக்கப்படும். இருபுறமும் சற்றுக் கரடான மண், ஏறத்தாழ ஒரு சாண் கனத்தில் பரப்பி, ஈரம் பார்த்து, உருளையால் இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. ஈரம் குறைந்தால் மண் இறுகாது, கூடினால் உருளைக்கடியில் பிதுங்கும். நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காமல் கல் பாவுவார்கள், வெளிச்சரிவில் புல். மரம் மட்டும் வேண்டாம். பட்டுப்போன வேர் உள்ளே ஓட்டையாகிவிடும்.

மண்ணணையின் முதல் எதிரி, கரைக்கு மேல் வழியும் தண்ணீர். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு அணையில் மதகுகளின் திறனை மீறி வெள்ளம் வந்தது. மண்கரை கரைந்து மோர்பி நகரம் அழிந்தது. அதனால்தான் உபரி நீர் இறங்க மறுகால் கரையைவிடத் தாழ்வாக, கல்கட்டாக அமைகிறது. மீன் பிடிக்கவோ கூடுதல் நீர் தேக்கவோ மறுகாலை மண்மூட்டை போட்டு உயர்த்துவது ஊருக்கே ஆபத்து.

வெள்ளத்தைத் தடுக்க அணையில் காலி இடமும் வேண்டும். ததும்ப நிறைந்த குளம் அடுத்த மழையை எங்கே வாங்கும்? அமெரிக்காவின் டேட்டன் நகரை 1913இல் வெள்ளம் மூழ்கடித்த பின், ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரின் தலைமையில் 1922க்குள் ஐந்து மண்ணணைகள் எழுந்தன. அவற்றில் ஷட்டரே கிடையாது. அடியில் எப்போதும் திறந்திருக்கும் கான்கிரீட் வழி; ஆறு அதில் வழக்கம்போல் ஓடும். பெருவெள்ளம் வந்தால் அந்த வழி கொள்ளுமளவே வெளியேறும், மிச்சம் பின்னால் தேங்கி மெல்ல வடியும். மற்ற நாட்களில் தேங்குமிடத்தில் பயிர் செய்கிறார்கள்.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது. நண்டு வளை, எலி வளை, சரியாக இறுகாத ஓர் அடுக்கு, இவற்றில் ஏதோ ஒன்றின் வழியே நீர் உள்ளுக்குள் மண்ணை அரிக்கும். மழைக்காலத்தில் கரையின் வெளிப்புற அடியைப் பார்த்தால் போதும். தெளிந்த கசிவு எல்லா மண்ணணையிலும் உண்டு. கலங்கிய நீர் என்றால் உள்ளே மண் போகிறது. அந்த இடத்தைக் களிமண் வைத்து அடைத்தால் நீர் வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். மணல், அதன்மேல் சிறுசரளை, அதன்மேல் பெருங்கல் என்று போட்டு, நீரை விட்டு மண்ணை மட்டும் நிறுத்தவேண்டும்.