இருக்கை குலுங்கினால் முதுகு தாங்குமா?

செம்பனைத் தோட்ட மண்சாலையில் டிராக்டர், லாரி ஓட்டியவர்களுக்கு இடுப்புவலி புதிதல்ல. நொடிக்கு 4 முதல் 6 முறை வரும் அதிர்வில்தான் நம் முதுகெலும்பு அதிகமாகக் குலுங்குகிறது.

அதிர்வு தாங்கும் இருக்கையில் ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் நிரப்பிய அப்சோர்பர் துள்ளலை அடக்கும். வெறும் பஞ்சு மெத்தை போதாது.

• ஓட்டுநர்களே, உங்கள் எடைக்கேற்ப ஸ்பிரிங்கைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

• ஜாசின், அலோர் காஜா பேருந்துகளில் செல்லும் மூத்தோர் நடுவரிசையில் அமருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் துள்ளல் அதிகம். எலும்பு பலவீனமானவர்களுக்கு ஒரே வேகத்தடையில்கூட முதுகெலும்பு நசுங்கலாம்.

குலுங்கியபின் முதுகில் கடும் வலியா? அன்றே கிளினிக் செல்லுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ உடனே 999 எண்ணை அழையுங்கள். “வயசானா வலி வரத்தான் செய்யும்” என்று பொறுத்திருக்காதீர்கள்.