விமானமோட்டியின் கல்வியும் அதன் செலவும்

நூற்றுக்கணக்கான மக்களின் உயிருக்குப் பொறுப்பேற்று, கடலையும் மலையையும் கடந்து விமானத்தைச் செலுத்தும் ஒருவர் அத்தகுதியை எங்ஙனம் பெற்றார் என்பதைப் பிரயாணிகளுட் சிலரே சிந்திப்பர். அப்பயிற்சிக்குப் பணங் கொடுத்தவர் யார் எனச் சிந்திப்போர் அவரினும் சிலர். ஆயின், இத்தொழிலுக்குள் எவர் புகலாம், எவர் புகலாகாது என்பதைப் பெரும்பாலுந் தீர்மானிப்பது இவ்விரண்டாம் வினாவே. பிரித்தானியாவின் வரலாறு இதனை நன்கு புலப்படுத்தும்.

இக்கல்வி இத்துணை விலையுடையதாதற்குக் காரணம் எளிது. கல்லூரி வகுப்பிலே ஓராசிரியர் நாற்பது மாணவருக்குப் பாடஞ் சொல்லலாம். பயிற்சி விமானத்திலோ ஆசிரியர் ஒருவர், மாணவரும் ஒருவரே. எரிபொருள், இயந்திரப் பராமரிப்பு, இறங்குதளக் கட்டணம் யாவும் அவ்வொரு மாணவனின் கணக்கிலேயே சேரும். இங்கிலாந்தின் முகில் படிந்த வானத்தில் நாட்கள் வீணாதலைத் தவிர்க்கும்பொருட்டு, பல பள்ளிகள் மாணவரை ஸ்பெயினுக்கும் அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் அனுப்பி, அங்குள்ள தெளிந்த வானிலே பறக்கச் செய்கின்றன.

பறத்தலோடு ஏட்டுக்கல்வியும் உண்டு. வானிலை, வழியறிதல், விமானச் சட்டம், இயந்திர இயல், மனித உடலின் ஆற்றலும் குறைபாடும் எனப் பதின்மூன்று பாடங்களில், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 75 புள்ளி பெற்றாலன்றித் தேற இயலாது. ஒற்றை இயந்திர விமானத்தில் தனித்துப் பறந்த மாணவன் பின்னர் இரட்டை இயந்திர விமானத்துக்கு உயர்த்தப்படுவான். அதில் ஓர் இயந்திரம் செயலிழந்தாற் போன்ற நிலையை ஆசிரியர் வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதிப்பார். யாவற்றினும் கடினமானது கருவிகளை மாத்திரம் நம்பிப் பறத்தலாகும். முகிலுக்குள்ளே ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும் விமானத்தில், உட்செவியிலுள்ள திரவம் சற்று நேரத்தில் அசைவற்று நின்றுவிடும். நேராகவே செல்வதாக உடல் உணரும். உடலுணர்ச்சியைப் பொய்யென்று தள்ளி, முன்னுள்ள முள்ளை மெய்யென்று கொள்ளப் பழகுவதற்குப் பல மணித்தியாலங்கள் வேண்டும். அம்மணித்தியாலம் ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. இவை முடிந்த பின்னரும், போயிங் 737 போன்ற குறிப்பிட்ட வகை விமானமொன்றைச் செலுத்தத் தனிப் பயிற்சி பெறல் வேண்டும். 1500 மணித்தியாலம் பறந்தாலன்றித் தலைமை விமானியாதற்குரிய முழு அனுமதிப் பத்திரம் கிடையாது.

இச்செலவை முதலில் ஏற்றது அரசாங்கம்; அதுவும் கல்வியின் பொருட்டன்று, போரின் பொருட்டு. இரண்டாவது மகாயுத்தத்தில் அரச விமானப்படை பல்லாயிரம் இளைஞருக்குப் பறக்கக் கற்பித்தது. போர் ஓய்ந்தபின் விமானக் கம்பனிகள் அவர்களைச் செலவின்றிப் பெற்றுக்கொண்டன. 1950களின் பிற்பகுதியில் அவ்வூற்று வற்றத் தொடங்கியது. 1957 ஆம் ஆண்டின் பாதுகாப்பு வெள்ளை அறிக்கை, மனிதர் செலுத்தும் போர்விமானங்களினும் ஏவுகணைகளுக்கு முதன்மை அளித்தது. கட்டாயப் படைச்சேவையும் முடிவை நெருங்கியது. எனவே அரசுடைமையாயிருந்த இரு பெரும் விமான நிறுவனங்கள் அரசாங்கத்தோடு சேர்ந்து, 1960 இல் சவுத்தாம்ரனுக்கு அருகிலுள்ள ஹம்பிள் என்னும் ஊரில் விமானப் பயிற்சிக் கல்லூரியொன்றை நிறுவின. பாடசாலையிலிருந்து நேரே வந்த இளைஞர் அங்கே தங்கிக் கற்றனர். செலவின் பெரும்பகுதியை நிறுவனங்களே தாங்கின; ஆதலால், செல்வமில்லாத வீட்டுப் பிள்ளையும் திறமையொன்றையே கைப்பொருளாகக் கொண்டு விமானியறைக்குள் அமர முடிந்தது.

அந்நிலை நீடிக்கவில்லை. 1974 இல் அவ்விரு நிறுவனங்களும் பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் என ஒன்றாயின. அப்பத்தாண்டின் எண்ணெய் விலையேற்றமும் தொழில் மந்தமும் புதிய விமானிகளின் தேவையைக் குறைத்தன. 1980களில் ஹம்பிள் மூடப்பட்டது. பிற்காலத்திற் சில நிறுவனங்கள் இடையிடையே மாணவரை ஆதரித்தனவாயினும், சுமை படிப்படியாக மாணவன் தோளுக்கே இறங்கியது. இன்று முழுநேரப் பயிற்சிக்கு ஏறத்தாழ 100,000 பவுண் செலவாகும். பல்கலைக்கழக மாணவருக்கு அரசு வழங்கும் கடன் இவ்வனுமதிப் பத்திரப் பயிற்சிக்கு இல்லை. எனவே பலருக்குப் பெற்றோரின் வீடே வங்கிக்கு ஈடாகின்றது. ஈடுவைக்க வீடில்லாதவன் விண்ணப்பிப்பதுமில்லை. திறமையாற் பொறுக்கி எடுக்கவேண்டிய தொழில் இவ்வாறு ஈட்டுறுதியாற் பொறுக்கி எடுக்கப்படுதல் வருந்தத்தக்கது.

கடன்பட்டுத் தேறியவனுக்கும் உத்தியோகம் உறுதியன்று. 2020 இல் கொள்ளைநோயால் விமானங்கள் தரையில் நின்றபோது, அனுமதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேலை தேடினோர் பலர். கருவிப் பறத்தலுக்குரிய தகுதி ஓராண்டே செல்லும். அதனைப் புதுப்பிக்கும் சோதனைக்கும் அவர்கள் தம் கைப்பணத்தையே செலவிட்டனர். முற்பணம் வாங்கிய பயிற்சிப் பள்ளியே முறிந்து, பணமும் பறக்கும் நேரமும் ஒருங்கே இழந்த மாணவரும் உளர்.

காற்று மீண்டும் திசைமாறுவதற்கு அறிகுறி தோன்றியிருக்கின்றது. 2023 இல் பிரிட்டிஷ் எயர்வேய்ஸ், தெரிவு செய்யப்படும் மாணவரின் பயிற்சிச் செலவைத் தானே ஏற்கும் திட்டமொன்றை அறிவித்தது. தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு 60 பேர் வரை என வரையறுக்கப்பட்ட அவ்விடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். இடங்கிடையாத ஏனையோருக்கு, முன்போலவே, வங்கியின் வாயிலே எஞ்சி நிற்கின்றது.