தவணை முறையில் ஒரு சுதந்திரம்!

நமக்கு எப்போது சுதந்திரம் வந்தது என்று கேட்டால், ஒண்ணாங்கிளாஸ் பையன்கூட தேதி, மாசம், வருஷம் சொல்லிவிடுவான். அதே கேள்வியை ஓர் ஆஸ்திரேலியரிடம் கேளுங்கள். தலையைச் சொறிவார். தப்பு அவர் மேல் இல்லை சார்! நாம் ஸ்கூட்டர் வாங்குகிற மாதிரி, அவர்கள் சுதந்திரத்தைத் தவணை முறையில் வாங்கினார்கள். கடைசித் தவணை இன்னும் பாக்கி!

முதல் தவணை, 1901 ஜனவரி 1. ஆறு பிரிட்டிஷ் காலனிகள் சேர்ந்து ஒரே நாடாயின. தனி பார்லிமென்ட், தனிப் பிரதமர் எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் எழுதிய அரசியல் சட்டத்தைப் பாஸ் பண்ணியது லண்டன் பார்லிமென்ட். 1914-ல் பிரிட்டன் போரில் இறங்கியதும் ஆஸ்திரேலியாவும் போரில் இருந்தது. 'வர்றியா?' என்று யாரும் கேட்கவில்லை.

1931-ல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம். 'நீங்களாகக் கேட்டாலொழிய இனி உங்களுக்குச் சட்டம் போட மாட்டோம்' என்றது லண்டன். ஆஸ்திரேலியாவோ, 'அப்புறமா வாங்கிக்கறோம்' என்று பதினோரு வருஷம் சும்மா இருந்தது! 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. பெரியண்ணன் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையும் கூடவே விழுந்தது. அந்த வருஷம் அக்டோபரில்தான் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். 'ஆஸ்திரேலியக் குடிமகன்' என்று சட்டப்படி ஒருத்தர் உருவானது 1949 ஜனவரி 26-ல். அதுவரை அத்தனை பேரும் வெறும் பிரிட்டிஷ் பிரஜைகள்.

1973-ல் எலிசபெத்தின் பட்டத்தைத் திருத்தி, பிரிட்டன் பெயரை எடுத்துவிட்டு 'ஆஸ்திரேலிய ராணி' ஆக்கினார்கள். ஒரே ஆள், இரண்டு உத்தியோகம்!

இதெல்லாம் வெறும் அலங்காரம்தானே என்கிறீர்களா? பிரதமர் காஃப் விட்லமைக் கேட்டிருந்தால் தெரியும். செனட் அவருடைய பட்ஜெட்டை முடக்கிப் போட்டிருந்த நேரம். 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர் அவரிடம் டிஸ்மிஸ் கடிதத்தை நீட்டினார். கெர்ரை சிபாரிசு செய்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தவரே விட்லம்தான்! எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃப்ரேசர் காபந்துப் பிரதமரானார். விட்லமுக்கு ஆதரவாகக் கீழ்ச்சபை தீர்மானம் போட்டும் பலனில்லை. சபாநாயகர் ராணிக்கே எழுதினார். 'அது கவர்னர் ஜெனரலின் அதிகாரம். ராணி தலையிட மாட்டார்' என்று பதில் வந்தது. அடுத்த மாசத் தேர்தலில் ஃப்ரேசர் அமோகமாக ஜெயித்தார். ஆனால் ஓட்டே வாங்காத ஒருத்தர், ஓட்டு வாங்கியவரை வீட்டுக்கு அனுப்பலாமா? அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை.

1986 மார்ச் 3-ல் பெரிய தவணை. லண்டன் பார்லிமென்ட்டுக்கு மிச்சமிருந்த சட்டம் போடும் அதிகாரம் போயிற்று. மாநில கோர்ட்டுகளிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போவதும் நின்றது. 1999-ல் ஆஸ்திரேலிய உச்ச கோர்ட், பிரிட்டிஷ் குடியுரிமையும் வைத்திருந்த ஒரு பெண்மணியின் செனட் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. காரணம், பிரிட்டன் அந்நிய நாடாம். அந்த அந்நிய நாட்டின் ராணிதான் இங்கேயும் ராணி!

அதே வருஷம் நவம்பர் 6-ல் கடைசித் தவணையைக் கட்ட ஒரு சான்ஸ். 'குடியரசாகலாமா?' என்று ஓட்டெடுப்பு. சுமார் 55 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். எல்லாம் ராணி மேல் பாசம் இல்லை. ஜனாதிபதியை எம்.பி.க்கள் தேர்ந்தெடுப்பதாகத் திட்டம். 'அதை நாங்களே செய்யணும்' என்ற குடியரசுக்காரர்கள் சிலரும் எதிர்த்துக் குத்திவிட்டார்கள். சம்பந்திச் சண்டையில் கல்யாணம் நின்ற கதை!

2022-ல் ராணி மறைந்து சார்லஸ் மன்னரானார். புது 5 டாலர் நோட்டில் அவர் படம் வராது என்று 2023-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நாணயத்தில் மட்டும் ராஜா முகம் வருகிறது.

தவணையில் வண்டி வாங்கியவர்களுக்கு இந்த நிலைமை புரியும். ஓட்டுவது நாம், பெட்ரோல் போடுவது நாம். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தொந்தரவு ஒன்றும் இருக்காது, கம்பெனி ஆள் வந்து நடுரோட்டில் சாவியைப் பிடுங்குகிற வரைக்கும்! ஆஸ்திரேலியப் பிரதமருக்கு அது ஒரே ஒரு தடவை நடந்தது. அந்த நாளை அவர்கள் மறக்கவில்லை. பாக்கியையும் கட்டவில்லை.